பெண் பிறந்தால் பழி யாருக்கு?



உங்கள் தெருவில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டில் ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள். இப்போது மூன்றாவதும் பெண். பார்க்க வருகிறவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள். "இந்தத் தடவையும் பொண்ணுதானா?" என்பார் ஒருவர். "அவ அம்மாவுக்கும் நாலும் பொண்ணுதானே! அந்த ராசிதான் இவளுக்கும்" என்பார் இன்னொருவர். "ஒரு ஆம்பளைப் பிள்ளையைப் பெத்துக் கொடுக்கத் தெரியலையே" என்று முணுமுணுக்கும் மாமியாரும் உண்டு. களைத்துப் படுத்திருக்கும் தாய் இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். குழந்தையின் தந்தையை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

இப்படிப் பேசுவது நியாயமா என்பது ஒரு கேள்வி. அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறதா என்பது வேறொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு அறிவியல் 1905-ஆம் ஆண்டிலேயே விடை கண்டுவிட்டது. அந்த விடையை இன்னும் நம் வீட்டுத் திண்ணைகள் வரை கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். வாருங்கள், அதை முதலிலிருந்து தெரிந்துகொள்வோம்.

முன்னோர் நினைத்தவை

குழந்தை ஆணாவதும் பெண்ணாவதும் எதனால் என்ற கேள்வி மிகப் பழையது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், கரு உண்டாகும்போது தந்தையின் வெப்பம் மேலோங்கினால் ஆண், அது குன்றினால் பெண் என்று எண்ணினார். நம் நாட்டு மருத்துவ நூலாகிய சரக சம்ஹிதை, தந்தையின் விந்து மிகுந்தால் ஆண், தாயின் குருதி மிகுந்தால் பெண் என்று கூறியது. மூச்சு வலது நாசியில் ஓடினால் ஆண், இடது நாசியில் ஓடினால் பெண் என்ற கருத்து திருமந்திரத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்கூட, தாய்க்குக் கிடைக்கும் உணவும் சுற்றுப்புற வெப்பமும்தான் இதைத் தீர்மானிக்கின்றன என்று ஐரோப்பிய விஞ்ஞானிகள் பலர் நம்பினார்கள்.

இவற்றைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கண்ணுக்குத் தெரியாத பொருள்களால் நடக்கும் ஒரு நிகழ்ச்சியை அவர்கள் ஊகிக்க முயன்றார்கள். கருவி இல்லாமல் ஊகிக்கத்தானே முடியும்?

கருவி கிடைத்ததும் நிலைமை மெல்ல மாறியது. 1677-இல் ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரி லீவன்ஹூக், தாமே செய்த நுண்ணோக்கியில் விந்துத் துளியைப் பார்த்தார். அதில் வாலை ஆட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான விந்தணுக்கள் நீந்தின! பாலூட்டிகளின் முட்டையைக் காண இன்னும் 150 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1827-இல் பேயர் என்ற அறிஞர் அதை ஒரு நாயின் உடலில் கண்டுபிடித்தார். 1876-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ட்விக், கடல் முள்ளெலி என்ற சிறு பிராணியின் கண்ணாடி போன்ற முட்டையில் நடப்பதை விளக்கி எழுதினார். ஒரு விந்தணு முட்டைக்குள் நுழைகிறது. அதன் உட்கருவும் முட்டையின் உட்கருவும் நெருங்கி ஒன்றாகின்றன. இதுவே கருவுறுதல். தாயும் தந்தையும் ஆளுக்கு ஓர் உட்கரு தருகிறார்கள் என்பது அன்று தெளிவாகியது.

ஒரு புள்ளியிலிருந்து நீங்கள்

மனித முட்டையின் குறுக்களவு சுமார் 0.1 மில்லி மீட்டர். கூரான பென்சிலால் காகிதத்தில் மெல்ல ஒரு புள்ளி வைத்தால் எவ்வளவு இருக்குமோ, அதைவிடவும் சிறியது. ஆயினும் நம் உடலில் உள்ள மிகப் பெரிய செல்களில் அதுவும் ஒன்று. விந்தணுவோ வாலையும் சேர்த்து அதில் பாதி நீளம்தான். அந்த நீளத்திலும் பெரும் பகுதி வால்!

பெண்ணின் அடிவயிற்றில் கருப்பையின் இரு பக்கமும் பாதாம் பருப்பு வடிவில் இரண்டு சினையகங்கள் இருக்கின்றன. வியப்பான செய்தி ஒன்று சொல்லட்டுமா? ஒரு பெண் தன் வாழ்நாளுக்கு வேண்டிய முட்டைச் செல்கள் அனைத்தையும் பிறக்கும்போதே கொண்டு வருகிறாள். அப்படியானால், நீங்கள் உருவாகக் காரணமான அந்த முட்டைச் செல், உங்கள் அம்மா உங்கள் பாட்டியின் வயிற்றில் இருந்தபோதே தோன்றிவிட்டது!

பெண் பருவம் அடைந்த பின், பொதுவாக மாதம் ஒரு முட்டை முதிர்ந்து வெளியே வருகிறது. கருக்குழாய்க்குள் புகுந்து கருப்பையை நோக்கி நகர்கிறது. அது ஏறக்குறைய ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் விந்தணு அதைச் சந்திக்க வேண்டும். ஒரு முறை வெளிப்படும் விந்தில் பல கோடி விந்தணுக்கள் இருக்கும். இருபது, முப்பது கோடிகூட இருப்பதுண்டு. வழியிலேயே மிகப் பெரும்பாலானவை அழிந்துபோகின்றன. முட்டையின் அருகே வந்து சேர்பவை சில நூறு. உள்ளே நுழைவது ஒன்றே ஒன்று. அது நுழைந்த உடனே முட்டையின் உறை மாறுதல் அடைகிறது. வேறு எதற்கும் அங்கே இடமில்லை.

இப்படி உண்டான ஒரு செல் சுமார் 30 மணி நேரத்தில் இரண்டாகப் பிரிகிறது. பிறகு நான்கு, எட்டு, பதினாறு என்று பெருகுகிறது. ஒரு வாரத்துக்குள் அந்தச் சிறு உருண்டை கருப்பைக்கு வந்து அதன் சுவரில் பதியத் தொடங்குகிறது. கருவுற்ற நாளிலிருந்து ஏறக்குறைய 38 வாரங்களில் குழந்தை பிறக்கிறது. அந்தக் குழந்தை ஆணாவதற்கோ பெண்ணாவதற்கோ வேண்டிய குறிப்பு முதல் செல்லிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அதை எழுதியது யார்?

23 ஜோடிச் செருப்புகள்

செல்லின் உட்கருவுக்குள் நூல் துண்டுகள் போன்ற பொருள்கள் இருக்கின்றன. இவைதான் குரோமோசோம்கள். உங்கள் கண் நிறம், ரத்த வகை, உயரம் முதலான பண்புகளுக்கு உரிய கட்டளைகளைத் தாங்கும் ஜீன்கள் இவற்றின் மேல் வரிசையாக அமைந்திருக்கின்றன. மனித செல்லில் எத்தனை குரோமோசோம்கள்? நெடுங்காலம் 48 என்றே பாடப் புத்தகங்களில் அச்சிட்டு வந்தார்கள். 1956-இல் ஜாவாவில் பிறந்த ஜியோ, ஸ்வீடன் நாட்டு லெவான் இருவரும் திருத்தமாக எண்ணி, 46 என்று நிலைநாட்டினார்கள். எண்ணுவது எளிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள்!

இந்த 46-உம் 23 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாய் தந்தது. மற்றொன்று தந்தை தந்தது. கல்யாண மண்டப வாசலில் 23 ஜோடிச் செருப்புகள் கிடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இடது கால் செருப்பு அப்பா கொடுத்தது. வலது கால் செருப்பு அம்மா கொடுத்தது.

முட்டையும் விந்தணுவும் உண்டாகும்போது மட்டும் ஒரு சிறப்பான செல் பிரிவு நடக்கிறது. ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஏதேனும் ஒரு செருப்பு மட்டும் எடுக்கப்படுகிறது. இடதா வலதா என்பது தற்செயல். ஆக, முட்டையில் 23, விந்தணுவில் 23. இரண்டும் சேர்ந்தால் மறுபடியும் 46. கணக்கு நேராகிவிட்டது அல்லவா?

ஒரு ஜோடியில் எடுக்க 2 வழிகள். இரண்டு ஜோடிகளில் 4 வழிகள். மூன்றில் 8. இப்படியே 23 முறை இரட்டித்துப் பாருங்கள். 83,88,608 வரும்! ஒருவரிடமிருந்தே இத்தனை வகை. தாய் வகையையும் தந்தை வகையையும் பெருக்கினால் சுமார் 70 லட்சம் கோடி. ஒரே வீட்டில் பிறந்த அண்ணனும் தங்கையும் ஏன் அச்சில் வார்த்தது போல் இருப்பதில்லை என்று இப்போது புரிகிறதா?

வண்டு சொன்ன ரகசியம்

இனி நம் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்று ஒரு பெண்மணி இருந்தார். 1861-இல் பிறந்தவர். பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்துச் சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். 35-ஆவது வயதில்தான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தார். 42 வயது ஆகும் ஆண்டில், 1903-இல், டாக்டர் பட்டம் பெற்றார்.

மாவிலும் தவிட்டிலும் வளரும் ஒரு வகை வண்டை அவர் ஆராய்ந்தார். பெண் வண்டின் செல்லில் 20 பெரிய குரோமோசோம்கள் இருந்தன. ஆண் வண்டின் செல்லிலோ 19 பெரியவை. இருபதாவது மட்டும் மிகச் சிறியது. ஒரு சாதாரண ஆள் இதைக் கறை என்று ஒதுக்கியிருப்பார். ஸ்டீவன்ஸ் ஒதுக்கவில்லை. விந்தணுக்களையும் பார்த்தார். பாதி விந்தணுக்களில் 10 பெரியவை இருந்தன. மறு பாதியில் 9 பெரியவையும் ஒரு சிறியதும் இருந்தன. முட்டைகளில் எப்போதும் 10 பெரியவைதான்.

1905-இல் அவர் முடிவை வெளியிட்டார்: சிறிய குரோமோசோம் உள்ள விந்தணு முட்டையோடு சேர்ந்தால் ஆண்; பெரியது உள்ள விந்தணு சேர்ந்தால் பெண். உணவும் அல்ல, வெப்பமும் அல்ல. அதே ஆண்டில் வில்சன் என்ற விஞ்ஞானியும் வேறு பூச்சிகளை ஆராய்ந்து இதே போன்ற முடிவுக்கு வந்தார். ஸ்டீவன்ஸ் அதிக காலம் வாழவில்லை. 1912-இல் மார்பகப் புற்றுநோயால் தமது 50-ஆவது வயதில் இறந்துபோனார்.

அந்தப் பெரிய குரோமோசோமுக்கு எக்ஸ் என்றும் சிறியதற்கு ஒய் என்றும் பெயர். எக்ஸ் என்ற பெயர் அதன் உருவத்தால் வந்தது அன்று. 1891-இல் ஹென்கிங் என்பவர் ஒரு பூச்சியின் செல்லில் இன்னதென்று விளங்காத பொருளைக் கண்டு, கணக்கில் தெரியாத எண்ணைக் குறிப்பது போல, அதை எக்ஸ் என்று குறித்து வைத்தார். அதன் அடுத்த எழுத்து ஒய். அவ்வளவுதான் பெயர்க் காரணம்!

தாயிடம் இருப்பது எது?

மனிதரிலும் 23-ஆவது ஜோடி இப்படித்தான். பெண்ணின் செல்களில் எக்ஸ், எக்ஸ். ஆணின் செல்களில் எக்ஸ், ஒய். இப்போது செருப்புக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தாயின் முட்டையில் எந்த ஒன்றை எடுத்தாலும் எக்ஸ்தான். அவளிடம் வேறு இல்லை.

தந்தையின் விந்தணுக்களில் பாதியில் எக்ஸ், பாதியில் ஒய்.

எக்ஸ் முட்டையோடு எக்ஸ் விந்தணு சேர்ந்தால் எக்ஸ் எக்ஸ், பெண் குழந்தை.

எக்ஸ் முட்டையோடு ஒய் விந்தணு சேர்ந்தால் எக்ஸ் ஒய், ஆண் குழந்தை.

பார்த்தீர்களா? நான்கு பெண்களைப் பெற்ற தாயும் நான்கு ஆண்களைப் பெற்ற தாயும் தங்கள் பங்காகக் கொடுத்தது ஒன்றே. வேறுபாடு வந்தது தந்தை வழி விந்தணுவால். "ஆண் பிள்ளை பெறத் தெரியாதவள்" என்று தாயைச் சொல்வது, கொடுத்த அரிசியைப் பொங்கியவளிடம் "ஏன் கோதுமைச் சோறு இல்லை?" என்று கேட்பது போன்றது.

ஒய் தான் காரணம் என்று எப்படித் தெரியும்?

கூர்மையான மாணவர் ஒருவர் இங்கே எழுந்து கேட்கலாம்: "ஐயா, ஒய் இருப்பதால் ஆணா? அல்லது எக்ஸ் ஒன்றே ஒன்று இருப்பதால் ஆணா?" நல்ல கேள்வி! பழ ஈயில் எக்ஸ்களின் எண்ணிக்கைதான் முக்கியம். இரண்டு எக்ஸும் ஓர் ஒய்யும் உள்ள பழ ஈ பெண்ணாகவே இருக்கிறது. மனிதரிலும் அப்படித்தான் இருக்கும் என்று விஞ்ஞானிகள் நெடுநாள் எண்ணியிருந்தார்கள்.

செல் பிரிவின்போது அரிதாக ஒரு குரோமோசோம் கூடுவதோ குறைவதோ உண்டு. 1959-இல் பிரிட்டனில் இப்படிப்பட்ட சிலரின் குரோமோசோம்களை எண்ணினார்கள். ஒரே ஒரு எக்ஸ் மட்டும் உள்ளவர் பெண்ணாக இருந்தார். இரண்டு எக்ஸும் ஓர் ஒய்யும் உள்ளவர் ஆணாக இருந்தார். ஆகவே மனிதரில் ஆண் தன்மைக்குக் காரணம் ஒய் என்று உறுதிப்பட்டது.

ஒய்யின் எந்தப் பகுதி? 1990-இல் லண்டன் விஞ்ஞானிகள் அந்த ஜீனையும் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் எஸ்.ஆர்.ஒய். கருவில் முதல் ஆறு வாரங்கள் வரை ஆண், பெண் இரண்டுக்கும் உறுப்புகளின் அடிப்படை ஒன்றே. ஏறக்குறைய அப்போது இந்த ஜீன் வேலையைத் தொடங்கினால், அந்த அடிப்படை விந்தகமாக வளர்கிறது. இல்லையேல் சினையகமாக வளர்கிறது. 1991-இல் எக்ஸ் எக்ஸ் உள்ள சுண்டெலிக் கருவில் இந்த ஒரு ஜீனைச் செலுத்தினார்கள். அது ஆண் எலியாக வளர்ந்தது!

இயற்கை எப்போதும் இரண்டே அச்சுகளில் வார்ப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். குரோமோசோம் கூடியும் குறைந்தும் பிறப்பவர்கள் உண்டு. ஒய் இருந்தும் அந்த ஜீன் செயல்படாததால் பெண் உடலோடு வளர்பவர்களும் உண்டு. அவர்கள் யாருடைய குற்றத்தின் விளைவும் அல்லர். நம்மைப் போன்ற மனிதர்கள்.

கோழிக்கு வேறு முறை

மற்ற உயிர்களில் எப்படி? கோழியில் முறை தலைகீழ். சேவலுக்கு ஒரே மாதிரியான இரண்டு குரோமோசோம்கள். பெட்டைக் கோழிக்குத்தான் வேறுபட்ட இரண்டு. ஆகவே குஞ்சு சேவலா பெட்டையா என்பது தாய்க் கோழியின் முட்டையைப் பொறுத்தது.

தேனீயில் இன்னும் வேடிக்கை. கருவுற்ற முட்டையிலிருந்து பெண் தேனீயும் கருவுறாத முட்டையிலிருந்து ஆண் தேனீயும் வருகின்றன. ஆண் தேனீக்கு அப்பா கிடையாது. ஆனால் தாத்தா உண்டு! எப்படி என்று யோசியுங்கள்.

சென்னைக் கடற்கரைக்கு ஆண்டுதோறும் முட்டையிட வரும் பங்குனி ஆமையை அறிவீர்களா? அதற்குக் குரோமோசோம் கணக்கே இல்லை. முட்டை புதைந்திருக்கும் மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் மிகுதி. குளிர்ச்சியாக இருந்தால் ஆண் குஞ்சுகள் மிகுதி. உணவும் வெப்பமும் என்று சொன்ன பழைய விஞ்ஞானிகள் ஆமையைப் பார்த்திருந்தால் பாதி சரியாகச் சொல்லியிருப்பார்கள். ஆனால் மனிதர் ஆமையல்லர்.

நாணயத்தைச் சுண்டிப் பாருங்கள்

இனி ஒரு சோதனை. ஒரு ரூபாய் நாணயம் ஒன்று எடுங்கள். தலை விழுந்தால் எக்ஸ்; பூ விழுந்தால் ஒய். இது தந்தையின் நாணயம். தாயின் நாணயத்துக்கு இரு பக்கமும் எக்ஸ் என்பதால் அதைச் சுண்ட வேண்டிய தேவையே இல்லை! 30 முறை சுண்டி, விழுந்த வரிசையை நோட்டில் எழுதுங்கள்.

மொத்தத்தில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வரும். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். மூன்று, நான்கு தலைகள் தொடர்ந்து விழுந்திருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். நாணயத்தின் மேல் யாரும் குற்றம் சொல்வதில்லை. மூன்று முறை தொடர்ந்து தலை விழ 8-இல் 1 வாய்ப்பு. மூன்று குழந்தைகள் உள்ள வீடுகள் எட்டு இருந்தால், சராசரியாக ஒரு வீட்டில் மூவரும் பெண்கள். ஒரு வீட்டில் மூவரும் ஆண்கள்.

"ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி" என்று ஒரு பழமொழி. "ஐந்தாம் பெண் கெஞ்சினாலும் கிடைக்காது" என்று இன்னொரு பழமொழி. ஒன்று வைகிறது, மற்றொன்று வாழ்த்துகிறது. கணக்கு இரண்டையும் சொல்வதில்லை. ஐந்து குழந்தைகள் உள்ள 32 வீடுகளில் ஒரு வீட்டில் ஐந்தும் பெண்ணாக இருக்கும், அவ்வளவே.

"மூன்று பெண் ஆகிவிட்டது, நான்காவது நிச்சயம் ஆண்தான்" என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அதுவும் தவறு. நாணயத்துக்கு நினைவு கிடையாது. நான்காவது முறையும் வாய்ப்பு பாதிக்குப் பாதியே. மிகத் துல்லியமாகச் சொன்னால், உலகம் முழுவதும் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. நம் கணக்குக்கு இந்தச் சிறு வேறுபாடு பெரிதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. தாய் மேல் இருந்த பழியை எடுத்துத் தந்தை மேல் போட்டுவிடாதீர்கள். விந்தணு அவருடையதுதான். ஆனால் பல கோடியில் எது முந்தும் என்பதை அவரா தேர்ந்தெடுக்கிறார்? நாணயம் யாருடைய பையிலிருந்து வந்தாலும், தலை விழுவதும் பூ விழுவதும் அவர் கையில் இல்லை.

பாதி வெற்றி தரும் மருந்து

ஆண் குழந்தை பிறக்க மருந்து, பத்தியம், தாயத்து, நாள் நட்சத்திரம் என்று எத்தனையோ விற்கிறார்கள். "எங்கள் பக்கத்து வீட்டில் பலித்ததே!" என்று சாட்சியும் சொல்கிறார்கள். ஏன் பலிக்காது? நூறு பேருக்கு வெறும் மாவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாலும் ஐம்பது பேருக்கு மேல் ஆண் குழந்தை பிறக்கும். "பலிக்காவிட்டால் பணம் வாபஸ்" என்று பெரிதாக எழுதிப் போட்டாலும் வியாபாரி பாதிப் பணத்தோடு லாபத்தில்தான் இருப்பார்! ஒரு மருந்து பலிக்கிறதா என்று அறிய வேண்டுமானால், பலித்தவர்களை மட்டும் கேட்டால் போதாது. பலிக்காதவர்களையும், மருந்தே சாப்பிடாதவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும். இதை எதற்கும் பொருத்திப் பார்க்கலாம்.

மேலும், கர்ப்பம் தெரியவந்த பிறகு உண்ணும் எந்த மருந்தும் குரோமோசோமை மாற்றாது. முடிவு கருவுற்ற அந்த நொடியிலேயே எழுதப்பட்டுவிட்டது. சோதித்துப் பார்க்காத மருந்துகள் கருவில் வளரும் குழந்தைக்குத் தீங்கு செய்யவும் கூடும்.

கணக்கு ஏன் தவறியது?

இந்தச் செய்தி வெறும் தேர்வுக்கு அல்ல. இதில் உயிர்கள் அடங்கியிருக்கின்றன. ஸ்கேன் கருவி கருவின் நலத்தை அறிய உதவும் அருமையான கருவி. அதையே கருவில் இருப்பது பெண்ணா என்று பார்த்து அழிப்பதற்கும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பிறந்த பெண் சிசுக்களும் சில இடங்களில் கொல்லப்பட்டன. தமிழ்நாட்டில் இதைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. கருவின் பாலினத்தைக் கண்டு சொல்வதைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு 1996-இல் நடைமுறைக்கு வந்தது. ஸ்கேன் நிலையங்களில் இது பற்றிய அறிவிப்புப் பலகையை நீங்களே பார்த்திருக்கலாம்.

மக்கள் தொகைக் கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1,000 பேருக்கு 1961-இல் 976 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 1991-இல் 945. 2001-இல் 927. 2011-இல் 920-க்கும் கீழே இறங்கியது. நாணயம் தானாக விழுந்தால் இப்படி ஆண்டுக்கு ஆண்டு சரியாது என்று நீங்கள் இப்போது அறிவீர்கள். யாரோ நாணயத்தைத் திருப்பி வைக்கிறார்கள். வராமல் போன ஒவ்வொரு எண்ணும் உங்கள் வகுப்பில் உங்கள் பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டிய ஒரு தோழி.

எனவே, யாராவது ஒரு தாயைப் பார்த்து "இவளுக்குப் பொண்ணு ராசி" என்றால், கோபப்படாமல் ஒரு காகிதத்தை எடுங்கள். ஒரு வட்டத்தில் எக்ஸ் எக்ஸ் என்றும், மற்றொன்றில் எக்ஸ் ஒய் என்றும் எழுதுங்கள். "பாட்டி, இந்த ஒய் எங்கே இருந்து வரும், சொல்லுங்கள்" என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது இரண்டு நிமிடத்தில் விளங்கும். புளியங்கொட்டையையும் வேப்பங்கொட்டையையும் வைத்துக் காட்டினால் இன்னும் எளிது.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். யார் தீர்மானிக்கிறார் என்ற கேள்விக்குத்தான் அறிவியல் விடை சொல்லியிருக்கிறது. கோழியைப் போல மனிதரிலும் தாயே தீர்மானிப்பவளாக இருந்தால், அப்போது அவளைத் திட்டலாமா? பழி என்று ஒன்று வேண்டுமானால் அதற்கு ஒரு குற்றம் வேண்டும். பெண் குழந்தை பிறப்பதில் என்ன குற்றம் இருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடையை நுண்ணோக்கியில் தேட வேண்டாம். அதை நாம்தான் சொல்ல வேண்டும்.